குமரனுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள குமரா,

இங்கே எல்லோரும் நலம். பெரியப்பா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, மற்றது நேரில். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய்தானே? ராத்திரி ரொம்பக் கண் விழிக்காதே.

வெள்ளைப் பூ குத்திய போட்டோவை அப்பா பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தார். கறுப்பு கோட்டு, மேலே கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளை டை, நெஞ்சில் கார்னேஷன். ஆக்ஸ்போர்டில் முதல் பரீட்சைக்கு வெள்ளை, நடுவில் வருவதற்கெல்லாம் ரோஸ், கடைசிக்குச் சிவப்பு என்று நீதான் சொன்னாய். ரோஸ் பூவும் வந்தது. இதழ் ஓரமெல்லாம் சுருங்கி, காம்பில் குத்தியிருந்த குண்டூசி வெளியே தெரிந்தது. உன் முகமும் சரியில்லை. அதற்கப்புறம் போட்டோ எதுவும் வரவில்லை. வேலையில் மறந்திருப்பாய்.

தனியாக ஆற்றுப் பக்கம் போகாதே. மே 1 காலை ஆறு மணிக்கு மாட்லின் கல்லூரிக் கோபுரத்து உச்சியில் பாடினார்களே, நீ கூட்டத்தோடு பாலத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாய். எனக்குப் பாட்டு காதில் ஏறவில்லை, அந்தப் பாலத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து செர்வெல் ஆற்றில் குதிப்பார்களாமே. ஆழமில்லாத தண்ணீர், 2005-ல் குதித்துப் பல பேருக்கு அடிபட்டது என்று அப்பா படித்துச் சொன்னார். நீ அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

உன்னால் அப்பாவுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? செயின்ட் செபல்கர்ஸ் இடுகாட்டைத் தேடிப் போய், 1886-ல் திருக்குறளை இங்கிலீஷில் கொண்டுவந்த ஜி.யு. போப் கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்தாயே, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இன்னும் அதைத்தான் சொல்கிறார். அந்த அப்பாவிடம் ஐந்து நிமிஷம் பேச உனக்கு நேரமில்லையா? "நல்லாருக்கேன்" என்று ஒரு வரி அனுப்பினால் ஆயிற்றா?

முதல் வருஷம் இப்படியா இருந்தாய்? கிறைஸ்ட் சர்ச் கல்லூரிப் பெரிய மணி ராத்திரி 9.05-க்கு 101 தடவை அடிக்கும், ஆக்ஸ்போர்டு கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதால் அந்த ஊர்ப் பழைய நேரப்படி அதுதான் ஒன்பது மணி என்று விளக்கமெல்லாம் சொல்லி, எங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி முழுசும் கேட்க வைத்தாய். நமக்கு அப்போது 1.35. இப்போதெல்லாம் அந்த நேரத்துக்கு எனக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது. அங்கே இந்த ஜூலையில் அப்போதுகூட வெளிச்சம் இருக்குமே, இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டானே என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

டெர்ம் முடிந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றாயே. ஜூனிலேயே முடிந்திருக்கும். எங்கே தங்கியிருக்கிறாய்? கௌலி ரோட்டில் இருக்கும் அந்தப் பையனோடா? பெட்டியெல்லாம் எங்கே? கையில் பணம் இருக்கிறதா? இல்லையென்றால் கூச்சப்படாமல் சொல். ராத்திரி தனியாக நடக்காதே, அதுவும் ஆற்றோரம் வேண்டவே வேண்டாம்.

பரீட்சை எப்படிப் போனது என்று நானோ அப்பாவோ கேட்டோமா? கேட்க மாட்டோம். ஷெல்டோனியன் அரங்கில் பட்டம் வாங்குவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதற்காக அங்கேயே காத்திருக்க வேண்டாம். தேதி மட்டும் சொல், அப்பா டிக்கெட் போட்டுவிடுவார். அத்தை கேட்டால் லீவுக்கு வந்திருக்கிறான் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா