மட்டக்களப்புப் புகையிரத ஆர்வலர் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, அங்கத்தவர்களே,

2024 ஜனவரி தொடக்கம் டிசம்பர் வரையான காலப்பகுதியில் எமது சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுச்சபையின் முன் சமர்ப்பிக்கின்றேன்.

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையால் மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் மூழ்கியிருந்தமையால் அம்மாதக் கூட்டம் மட்டும் கைவிடப்பட்டது. பாடசாலை மாணவருக்கான வினாவிடைப் போட்டி நடத்தப்பட்டுப் பரிசுகள் வழங்கப்பட்டன. ரயிலும் வீதி வாகனங்களும் நெடுங்காலம் ஒன்றாகப் பயன்படுத்திய பழைய மன்னம்பிட்டிப் பாலத்தைப் பார்வையிட ஒரு வெளிக்களப் பயணம் ஒழுங்கு செய்யப்பட்டது.

எமது நிலையத்துக்கு வரும் எஞ்சின்களின் இலக்கங்களை அங்கத்தவர்கள் பார்த்து எழுதிவைக்கும் எஞ்சின் இலக்கப் பதிவேடு இவ்வாண்டும் தொடர்ந்தது. 1928இல் பாதை மட்டக்களப்பை எட்டிய நாள் முதல் எமது நிலையமே இப்பாதையின் முடிவிடமாக இருப்பதால், தனி எஞ்சினால் இழுத்துவரப்படும் ஒவ்வொரு ரயிலின் எஞ்சினும் இங்கே கழற்றப்பட்டு, மறுதடத்தால் சுற்றிவந்து, மறுமுனையில் பூட்டப்பட்டாக வேண்டும். ஓடும் ரயிலில் கண நேரத்தில் மறைந்துபோகும் இலக்கத்தை நின்று நிதானமாக எழுதிக்கொள்ள இதைவிட வாய்ப்பான இடம் கிழக்கில் இல்லை. ஆயினும் பதிவேட்டைப் புரட்டினால் உதயதேவி, புலதிசி ஆகிய கொழும்பு ரயில்களுக்கு உரிய பக்கங்கள் ஓரளவு நிரம்பியிருக்க, இரவு ரயிலுக்கும் எண்ணெய் ரயிலுக்கும் உரிய பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. ஒக்டோபரில் மட்டக்களப்பு நோக்கி எரிபொருள் ஏற்றிவந்த ரயில் மின்னேரியாப் பகுதியில் யானைக் கூட்டத்துடன் மோதித் தடம் புரண்டு பாதை தடைப்பட்டபோது, பொறுப்பாயிருந்தவர்கள் "ரயில் இல்லை" என்று மட்டும் எழுதிவிட்டு அகன்றுள்ளனர். ரயில் வராத நாளும் ஒரு பதிவே என்பதையும், அது ஏன் வரவில்லை என்பதே பின்னாளில் பதிவேட்டைத் திறப்பவர் முதலில் தேடும் செய்தி என்பதையும் இங்கு வற்புறுத்த விரும்புகின்றேன்.

இனி, இவ்வாண்டில் அதிகம் பேசப்பட்டதும் சிலரால் குறைகூறப்பட்டதுமான சென்னை மெட்ரோ அவதானிப்புத் திட்டம் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. ஓகஸ்ட் மாதத்தில் என்னுடன் இரு அங்கத்தவர்கள் சென்னை சென்று அங்குள்ள மெட்ரோ ரயில்களை அவதானித்துத் திரும்பினோம். "மெட்ரோவில் பார்ப்பதற்கு என்ன உண்டு? எல்லா ரயிலும் ஒன்றுபோலவே இருக்குமே" என்று செப்டெம்பர் கூட்டத்தில் கேட்கப்பட்டது. அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

ஒன்றுபோல் இருப்பதனால்தான் அங்கே அவதானிப்பு முழுமை பெறுகின்றது. எமது பாதையில் இன்று வந்த எஞ்சின் நாளை மலையகத்துக்கோ தெற்குக்கோ போய்விடலாம். மட்டக்களப்பில் இருந்துகொண்டு நாடு முழுவதிலும் உள்ள எஞ்சின்களை எழுதி முடிப்பது ஓர் ஆயுளில் நடவாத காரியம். சென்னையின் முதற் கட்ட மெட்ரோவிலோ ஓடுபவை நான்கு பெட்டிகள் கொண்ட ஐம்பத்திரண்டு ரயில் தொடர்கள் மட்டுமே. அவை அந்த 54 கிலோமீற்றர் பாதையை விட்டு வேறெங்கும் செல்வதில்லை. நெரிசல் வேளைகளில் சில நிமிடங்களுக்கு ஒன்றாக அவை வந்துகொண்டேயிருப்பதால், நல்லதோர் இடத்தில் பொறுமையுடன் நிற்பவர் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தம் கொப்பியில் எழுதிவிடலாம். எது எத்தனை தடவை வந்தது, எது வராமல் பணிமனையில் தங்கிவிட்டது என்பதும் தானாகவே புலப்படும்.

அந்த நல்ல இடம் எது என்பதே நாங்கள் கற்றுவந்த முதற் பாடம். சுரங்க நிலையங்களில் மேடையின் விளிம்பில் கண்ணாடித் தடுப்புக் கதவுகள் இருப்பதால் ரயிலின் முகப்பைக் காண இயலாது. எனவே உயர்மட்டப் பாதையிலுள்ள நிலையங்களையே நாட வேண்டும். அவற்றுள் நீலத் தடமும் பச்சைத் தடமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரு தளங்களில் சந்திக்கும் ஆலந்தூர் சிறந்தது. 2015 ஜூன் 29ஆம் திகதி சென்னையின் முதலாவது மெட்ரோ ஓடத் தொடங்கியதும் கோயம்பேட்டுக்கும் இந்நிலையத்துக்கும் இடையிலேயே. அங்குள்ள விதிகளை மதித்து நாங்கள் படம் எதுவும் எடுக்கவில்லை. கொப்பியும் பென்சிலுமே போதுமாயிருந்தன.

எமக்கும் அந்த ரயில்களுக்கும் தொடர்பே இல்லை என்ற கருத்தையும் நான் ஏற்கவில்லை. சென்னைத் தொடர்களைச் செய்து கொடுத்த அல்ஸ்டொம் நிறுவனமே 2000ஆம் ஆண்டில் எமது எம்9 வகை டீசல் எஞ்சின்களையும் செய்து தந்தது. சென்னைத் தண்டவாளத்தின் அகலம் 1435 மில்லிமீற்றர். எமதோ ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர். ஆனால் இந்தியாவின் முதல் மெட்ரோவாக 1984இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட பாதை எமது அகலத்திலேயே அமைந்தது. மெட்ரோத் தொடரின் இரு முனைகளிலும் சாரதி அறை இருப்பதால் முடிவிடத்தில் எதையும் கழற்றிப் பூட்ட வேண்டியதில்லை. சாரதி மறுமுனைக்குச் சென்றமர்ந்ததும் ரயில் புறப்பட்டுவிடும். எமது நிலையத்தில் எஞ்சின் சுற்றிவரும் வேலை எவ்வளவு நேரத்தை எடுக்கின்றது என்பதை அதைப் பார்த்த பின்னரே நான் முழுமையாக உணர்ந்தேன். அதன் பயனாக, எஞ்சின் சுற்றிவர எடுக்கும் நேரத்தைக் குறிப்பதற்கெனப் பதிவேட்டில் புதியதொரு நிரல் சேர்க்கப்பட்டுள்ளது. நாங்கள் திரும்பிவந்த பின் ஒக்டோபரில், சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதைக்கான சாரதியில்லாத முதலாவது தொடர், மூன்று பெட்டிகளுடன், பூந்தமல்லிப் பணிமனைக்கு வந்து சேர்ந்தது. புதியதொரு தொடர் வரிசையை அதன் முதல் இலக்கத்திலிருந்தே பின்தொடரும் வாய்ப்பு ஓர் அவதானிப்பாளருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

இப்பயணத்தின் போக்குவரத்துச் செலவும் தங்குமிடச் செலவும் சென்றவர்களால் தமது சொந்தப் பணத்திலேயே ஏற்கப்பட்டன என்பதைப் பொருளாளர் அறிவார். சங்கப் பணத்தில் செலவானது அவதானிப்புப் படிவங்களை அச்சிட்ட தொகை மாத்திரமே. அப்படிவங்கள் எமது நிலையத்திலும் பயன்படுகின்றன.

அங்கத்தவர் வரவு குறித்து மனவருத்தத்துடன் குறிப்பிடுகின்றேன். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்றிலிருந்து வரும் அங்கத்தவர்களின் சிரமத்தை நான் அறிவேன். மட்டக்களப்புக்குத் தெற்கே தண்டவாளமே இல்லாத நிலையில், ரயிலைப் பார்ப்பதற்கு அவர்கள் பஸ் ஏற வேண்டியுள்ளது. அவ்வாறிருந்தும் கூட்டங்களுக்குத் தவறாது வந்தவர்களுள் அவர்களே அதிகம். நிலையத்திலிருந்து நடந்துவரும் தொலைவில் குடியிருக்கும் சிலர் ஆண்டு முழுவதும் தலைகாட்டவில்லை. அவர்களுள் சிலர் நிருவாக சபைக்குத் தெரிவானவர்கள் என்பதையும், கடந்த பொதுக்கூட்டத்தில் தம் பெயரைத் தாமே முன்மொழியச் செய்தவர்கள் என்பதையும் சபையின் கவனத்துக்குக் கொண்டுவருகின்றேன். இரவு ரயிலின் பக்கங்கள் வெறுமையாய்க் கிடப்பதற்கு இதுவே காரணம்.

சந்தாவும் அவ்வாறே. அங்கத்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் நடப்பாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலருக்கு முந்தைய ஆண்டு நிலுவையும் உண்டு. நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பப்பட்டன. ஒரு சிலர் பதில் எழுதினர், பணம் அனுப்பவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாகக் கூறின், வரவு சந்தாவாலும் இரு நலன்விரும்பிகளின் அன்பளிப்பாலும் கிடைத்தது. செலவு அச்சுக்கூலி, பரிசுகள், தேநீர், தபால் ஆகியவற்றுக்குச் சென்றது. கையிருப்பு கடந்த ஆண்டைவிடச் சிறிது குறைவு.

கூட்டங்களுக்கு இடம் தந்த நூலகத்தினருக்கும், மேடையில் நின்று குறிப்பெடுக்க அனுமதித்த நிலைய உத்தியோகத்தர்களுக்கும், வழிநடத்திய தலைவர் அவர்களுக்கும், கணக்குகளைப் பேணிய பொருளாளருக்கும், போட்டிக்கு உதவிய ஆசிரியர்களுக்கும் சங்கத்தின் நன்றிகள் உரித்தாகுக.

வரும் ஆண்டில் ஏறாவூர், வாழைச்சேனை நிலையங்களிலும் பதிவு தொடங்கப்பட வேண்டும் என்பது எனது விருப்பம். மூன்று இடங்களின் நேரங்களை ஒப்பிட்டால்தான் ரயில் எங்கே தாமதிக்கின்றது என்பது தெரியவரும். அதற்கு ஒவ்வோரிடத்திலும் இருவராவது வேண்டும். இப்பொறுப்பில் நான் பல ஆண்டுகளாக இருந்துவருகின்றேன். இளையவர் ஒருவர் முன்வந்தால் பதிவேட்டையும் படிவங்களையும் மனமுவந்து ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிடின், சபை பணிக்கும்பட்சத்தில் மேலும் ஓராண்டு தொடர்வதற்கு எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் இரவு ரயிலைப் பதிவதற்கு முன்வரும் அங்கத்தவர்கள் இன்று இம்மண்டபத்தை விட்டுச் செல்லுமுன் தம் பெயரை எழுதித் தர வேண்டும். நிலுவைச் சந்தாவைப் பொருளாளர் சித்திரைப் புத்தாண்டு வரை ஏற்றுக்கொள்வார்.

இவ்வறிக்கையைச் சபை ஏற்று அங்கீகரிக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

செயலாளர்
மட்டக்களப்பு