குடிவரவுத் துறைகளுக்கு: விட்டு வந்த நாட்டின் போலீஸ் சான்றிதழ் ஏன் காலாவதியாக வேண்டும்?

குடிவரவு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

குடியேற விரும்புகிறவர் முன்பு வாழ்ந்த நாடுகளில் அவர்மீது குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்க்க போலீஸ் கிளியரன்ஸ் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். என் வேண்டுகோள் அந்தச் சான்றிதழின் ஆயுளைப் பற்றியது.

ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த 10 ஆண்டுகளில் மொத்தம் 12 மாதமாவது வாழ்ந்த ஒவ்வொரு நாட்டின் சான்றிதழும் வேண்டும். வழங்கிய நாளிலிருந்து 12 மாதம்தான் அது செல்லும். ஒருவர் ஒரு நாட்டை விட்டு வந்து 8 ஆண்டுகள் ஆகின்றன, அதற்குப் பிறகு அங்கே காலே வைக்கவில்லை என்றால், போன வருடச் சான்றிதழ் இன்று எதனால் செல்லாமல் போகிறது? பழைய குற்றம் தாமதமாகப் பதிவாகலாம் என்பீர்கள். சரி, அப்படிச் சந்தேகம் எழுந்தவரிடம் மட்டும் புதிதாகக் கேளுங்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. திறன் தொழிலாளர்கள் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், இப்போது வாழும் நாட்டின் சான்றிதழுக்குத்தான் 6 மாதக் கெடு. மற்ற நாடுகளுக்கு, அங்கே கடைசியாக வாழ்ந்த பிறகு வாங்கியதாக இருந்தால் போதும். அமெரிக்கக் குடியேற்ற விசாவிலும், முன்பு வாழ்ந்த நாட்டுக்குச் சான்றிதழ் வாங்கிய பின் திரும்பப் போகாதவருக்கு வழக்கமான காலக்கெடு பொருந்தாது. மற்ற நாடுகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஒரு சான்றிதழைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பெரிய வேலை என்பது உங்கள் மேசைக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் இருந்தவர் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ-க்குப் பத்து விரல் ரேகையும் அனுப்ப வேண்டும். செங்கல் தூக்கியும் சோப்பு நீரில் பாத்திரம் தேய்த்தும் ரேகை தேய்ந்த கைகள் இருக்கின்றன. பதிவு தெளிவில்லை என்று திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாடு நாடாகப் போய் உழைத்த செவிலியரும் கட்டடத் தொழிலாளியும்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். கடைசி நாட்டின் காகிதம் கைக்கு வரும்போது முதல் நாட்டின் காகிதம் காலாவதியாகி நிற்கிறது. ஒவ்வொரு முறையும் கட்டணம், தூதரகக் கூரியர், மொழிபெயர்ப்புச் செலவு வேறு.

இன்னொன்று, சான்றிதழ் கேட்டு நீங்கள் தரும் கடிதம். சிங்கப்பூர் காவல்துறை தன் குடிமக்கள் அல்லாதவரிடம், சான்றிதழ் கேட்கும் அரசின் ஆவணத்தைக் காட்டச் சொல்கிறது. ஹாங்காங் காவல்துறை சான்றிதழை விண்ணப்பித்தவர் கையில் தராமல் கேட்ட துறைக்கே அனுப்புகிறது. உங்கள் கடிதம் இல்லாமல் அவரால் தொடங்கவே முடியாத நிலையில், சான்றிதழைத் தாக்கல் செய்யும் கெடு மட்டும் ஓடிக்கொண்டிருப்பது அநியாயம். விண்ணப்பம் தொடங்கிய அன்றே அந்தக் கடிதத்தைக் கொடுங்கள். காவல்துறைக்கு விண்ணப்பித்த ரசீதைக் காட்டுகிறவருக்குச் சான்றிதழ் வரும்வரை அவகாசம் கொடுங்கள். அதிகாரியின் மனம்போல் கிடைக்கும் சலுகையாக இல்லாமல், விதியாகவே எழுதி வையுங்கள்.