கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படி

அன்பு மச்சான்,

தைப்பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்கே நான் இன்னும் பதில் போடவில்லை. பிழை என்னுடையது. ஏச வேண்டுமென்றால் நேரில் வந்து ஆறுதலாக ஏசு. யூலை 1ஆம் திகதி ஸ்காபரோவை விட்டு மொன்றியலுக்குக் குடிவருகிறீர்கள், வீடும் பார்த்தாயிற்று, முதல் மாதத்தோடு கடைசி மாத வாடகையையும் கேட்கிறார்கள், நாளைக்கு அனுப்பப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த 'நாளைக்கு' என்ற சொல்தான் என்னை உடனே எழுத வைத்தது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

காசை அனுப்பாதே. நீ இருக்கும் ஒன்ராறியோவில் கடைசி மாத வாடகையை முன்கூட்டியே வாங்கலாம். மொன்றியல் இருக்கும் கியூபெக்கில் அது சட்டத்துக்கு மாறானது. வீட்டுக்காரன் முன்கூட்டிக் கேட்கக்கூடியது முதல் மாத வாடகை ஒன்றுதான். வீட்டுக்கு ஏதும் சேதம் வந்தால் என்று ஒரு தொகை, திறப்புக்கு என்று ஒரு தொகை, பன்னிரண்டு மாதத்துக்கும் காசோலை எழுதித் தா என்பது, ஒன்றையும் வற்புறுத்த முடியாது. சட்டம் தெரிந்த வீட்டுக்காரன் இதைக் கேட்கவே மாட்டான். கேட்கிறான் என்றால் ஒன்று சட்டம் தெரியாதவன், இல்லையென்றால் புதிதாக வருகிறவனுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டவன். வீட்டையே நேரில் பார்க்காமல் படத்தைப் பார்த்துக் காசு அனுப்பினால், அந்த வீடு அவனுடையதுதானா என்பதுகூட உனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வா. ஆறு மணித்தியாலம்தான்.

லீஸை இங்கே 'பாய்' என்பார்கள். அது வீட்டுக்காரன் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டு வரும் தாளாக இருக்கக்கூடாது. வாடகைத் தீர்ப்பாயத்தின் படிவத்தைத்தான் எல்லோரும் பாவிக்க வேண்டும். அதில் G என்ற பகுதியைத் தேடிப் பிடி. கடந்த பன்னிரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்கு வாங்கிய மிகக் குறைந்த வாடகை எவ்வளவு என்று வீட்டுக்காரன் அங்கே எழுத வேண்டும். கனபேர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் பேனாவை நீட்டுவார்கள். நிரப்பச் சொல்லு. முன்பு இருந்தவர் கொடுத்ததைவிட உன்னிடம் மிகக் கூடக் கேட்டிருந்தால், கையெழுத்துப் போட்டு 10 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்து வாடகையை நிர்ணயிக்கச் சொல்லலாம். அந்தப் பகுதியை வெறுமையாக விட்டிருந்தால் லீஸ் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு மாதம் உனக்கு இருக்கிறது. ஆனால் அதற்கு மேலே இருக்கும் F பகுதியையும் பார். கட்டி ஐந்து வருடம் ஆகாத கட்டிடம் என்று அங்கே குறித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அந்தப் பகுதியில் எழுதிய உச்சத் தொகை வரை வாடகையை அவன் ஏற்றலாம். மினுக்கமான புதுக் கட்டிடத்தைப் பார்த்து மயங்கும் ஆள் நீ. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

"ஒரு வருடம் இருந்து பார்ப்போம்" என்று எழுதியிருந்தாய். இங்கே லீஸ் தானாக முடியாது, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். போவதென்றால் முடிவதற்கு மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஜூன் 30இல் முடியும் லீஸுக்கு அது ஜனவரி தொடக்கம் மார்ச் வரை. வீட்டுக்காரனும் அதே காலத்தில்தான் வாடகை கூட்டும் கடிதம் தருவான். தந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் போடு. பேசாமல் இருந்தால் கூட்டியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். "கூட்டியது சரியில்லை, ஆனால் வீட்டில் இருக்கிறேன்" என்று பதில் எழுதவும் உனக்கு உரிமை உண்டு. அதற்குப் பிறகு தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியது அவன்தான். ஸ்காபரோவில் பழகியதை வைத்து இங்கே நடக்காதே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான்.

விளம்பரத்தில் 4½ என்று போட்டிருக்கிறதே, அது நான்கு படுக்கையறை இல்லை. குசினி, வரவேற்பறை, இரண்டு படுக்கையறை, இவை நான்கு. குளியலறைதான் அந்த அரை. பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனி அறை வேண்டுமென்றால் 5½ தேடு. அடுப்பும் பிரிட்ஜும் கனவீடுகளில் இருக்காது, கேட்டு எழுதிக்கொள். 'ஷொஃபே' என்றிருந்தால் சூடாக்கும் செலவு வாடகைக்குள். இல்லையென்றால் சுவரோரம் இருக்கும் மின்சார ஹீற்றர்களின் பில் உன் தலையில். ஹைட்ரோ-கியூபெக் தளத்தில் விலாசத்தைக் கொடுத்தால் அந்த வீட்டு மின்செலவின் மதிப்பீட்டைக் காட்டும். கையெழுத்துக்கு முன் அதைப் பார்த்துவிடு. பழைய ஜன்னல் உள்ள மேல்மாடி வாடகையில் மலிவாகவும் மாசி மாதத்தில் விலையாகவும் இருக்கும். பாதி நிலத்துக்குள் இருக்கும் வீட்டுக்கும் யோசி. 2024 ஓகஸ்ற் 9இல் டெபி புயலின் மிச்ச மழை பெய்தபோது தண்ணீர் முதலில் போனது அந்த வீடுகளுக்குள்தான்.

நீ அனுப்பிய படத்தில் இருக்கிற இரும்பு மாடிப்படி, "என்ன வடிவு" என்று தங்கச்சி சொன்னதாக எழுதினாய். வடிவுதான். வில்லரே, ரோஸ்மொன், பிளாட்டோ, வெர்டன் பகுதித் தெருக்களின் முகமே அந்தப் படிகள். வீட்டைத் தெருவிலிருந்து உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும் என்று விதி வந்தபோது, படியை முன்முற்றத்தில் வெளியே போட்டு உள்ளே இடத்தை மிச்சம் பிடித்தார்கள். ஆனால் உன் படத்தை இன்னொருமுறை பெரிதாக்கிப் பார். படி நடுவில் வளைகிறது. அந்த வளைவில் பிரிட்ஜ் திரும்பாது. பின்பக்கம் போக வழி இருக்கிறதா, இல்லை பல்கனியால் கயிறு கட்டித் தூக்க வேண்டுமா என்று முதலே கேள். குளிர்காலத்தில் ஸ்னோ விழுந்த அன்றே அந்தப் படியைத் துடைக்க வேண்டும். ஒருவர் மிதித்துவிட்டால் அது இறுகி அடுத்த நாள் காலை கண்ணாடிதான். துடைப்பது யார் வேலை என்பதையும் லீஸில் எழுது. அம்மாவும் உங்களோடு வருகிறா என்றால் கீழ்வீடு பார், வேறு கதையே வேண்டாம்.

முந்தி லீஸ்கள் மே 1இல் மாறின. பிள்ளைகளின் படிப்பு நடுவில் குழம்புகிறது என்று 1970களில் அதை யூலை 1க்குத் தள்ளினார்கள். அதனால் நாடு முழுக்கக் கனடா தினம் கொண்டாடும்போது இந்த நகரம் மெத்தை தூக்கும். லொறியை மார்ச்சிலேயே பதிந்துவிடு. அன்றைக்குத் தெருவோரம் நல்ல சோபாக்கள் குவிந்து கிடக்கும். உன் கை துருதுருக்கும் என்று எனக்குத் தெரியும். தொடாதே. மூட்டைப்பூச்சி அப்படித்தான் வீடு மாறுகிறது.

இனித் திசை. "மெற்றோவுக்கு வடக்கே ஐந்து நிமிடம்" என்று நீ எழுதியதும் எனக்குச் சயன்ஸ் மாஸ்ரரின் திசைகாட்டிதான் ஞாபகம் வந்தது. நெட்டையனுக்கும் இதைச் சொல், சிரிப்பான். மொன்றியலின் வடக்கு வடக்கே இல்லை. இது ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமான தீவு. ஒருபக்கம் சென் லோறன்ஸ் ஆறு, மறுபக்கம் பிரேரி ஆறு, அதற்கப்பால் லவால். சென் லோறன்ஸ் நகரத்தைத் தாண்டும்போது வடக்கே வளைகிறது. தெருக்கள் ஆற்றை ஒட்டிப் போனதால், ஆற்றுப்பக்கத்தைத் தெற்கு என்றும் எதிர்ப்பக்கத்தை வடக்கு என்றும் சனம் சொல்லிப் பழகிவிட்டது. உண்மையில் அது வடமேற்கு. யூலையில் 'வடக்கே' போகும் தெருவின் நுனியில் சூரியன் மறைவதை நீயே பார்ப்பாய். வரைபடத்தை மற, மலையைப் பார். மோன் ருவாயல் 230 மீற்றர்தான், ஆனால் நகரமையத்தில் எந்தக் கட்டிடமும் அதைவிட உயரக் கூடாது என்று விதி இருப்பதால் எங்கிருந்தும் தெரியும்.

சென் லோறோன் தெருவில்தான் கிழக்கும் மேற்கும் பிரிகிறது. இலக்கங்கள் அங்கிருந்து இருபக்கமும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஜோன்-தலோன் தெருவில் ஒரே இலக்கத்தில் இரண்டு வீடு உண்டு, ஒன்று 'எஸ்ற்', மற்றது 'வெஸ்ற்'. அதை விட்டுவிட்டு விலாசம் கொடுத்தால் சாமான் லொறி தீவின் மற்றப் பாதிக்குப் போய் நிற்கும். சென் லோறோன் தெரு முந்தி மொழிக்கும் எல்லை: கிழக்கே பிரெஞ்சு, மேற்கே ஆங்கிலம், நடுவில் கப்பலால் இறங்கிய யூதர், போர்த்துக்கேயர், இத்தாலியர். இப்போது அவ்வளவு நேர்கோடு இல்லை. ஹெயிற்றி மக்கள் சென் மிஷேல், மொன்றியல் நோர் பக்கம் கூட. நம் ஆட்களுக்குப் பார்க் எக்ஸ்ரென்ஷனும் கோத்-டே-நேஷும். பார்க் எக்ஸில் நின்று லக்காடி வீதிக்கு அப்பால் பார்த்தால் ஒரு கம்பிவேலி தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் மவுன்ற் றோயல் நகரம், பெரிய வளவுகளும் பெரிய மரங்களும். அது மொன்றியலே இல்லை, தனி நகரசபை. 2002இல் தீவு முழுவதையும் ஒரே நகரமாக்கினார்கள், 2006இல் பதினைந்து ஊர்கள் பிரிந்து போய்விட்டன. முருகன் கோயில் இருக்கும் டொலார்-டே-ஓர்மோவும் அப்படிப் பிரிந்ததுதான்.

கார் கொண்டுவருகிறாய் என்றால் மூன்று விஷயம். சிவப்பு விளக்கில் வலதுபக்கம் திரும்பும் பழக்கத்தைப் பாலத்துக்கு அப்பாலேயே விட்டுவிடு, தீவுக்குள் அது தடை. டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஸ்னோ அள்ளும் நாளில் செம்மஞ்சள் நிறத் தற்காலிகப் பலகை வைப்பார்கள், அதில் உள்ள மணி நேரத்தில் அந்தப் பக்கம் நிறுத்தாதே. அள்ளும் இயந்திரம் வருமுன் இழுவை வண்டி ஒரு சைரன் ஊதிக்கொண்டு வரும், படுக்கையில் இருந்தாலும் ஓடு. இழுத்தால் பக்கத்துத் தெரு எதிலாவது விட்டிருப்பார்கள், நகரசபைத் தளத்தில் இலக்கத்தகட்டைப் போட்டுத் தேடலாம். தண்டம் தனி. என்னைக் கேட்டால் கார் வேண்டாம். மெற்றோ ரப்பர் ரயரில் ஓடுவதால் ஓரிடத்திலும் நிலத்துக்கு மேலே வராது, எவ்வளவு ஸ்னோ விழுந்தாலும் அதற்கு ஒன்றுமில்லை.

கடைசியாக, நான் உண்மையில் கவலைப்படுகிற விஷயம். "பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கே போகலாமாம், பிரெஞ்சுத் தொல்லை இல்லை" என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். உரிமை இருப்பது உண்மை. நீ கனடாப் பிரஜை, பிள்ளைகள் ஒன்ராறியோவில் ஆங்கிலத்தில் படித்தவர்கள், ஆகவே தகுதிச் சான்றிதழ் கிடைக்கும். கட்டாயம் எடு. மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, அவளை ஆங்கிலத்திலேயே விடு. இங்கே பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்து 'செஜெப்' என்ற கல்லூரிக்குப் போய்விடுவாள், இரண்டு வருடத்துக்குள் மொழியையும் மாற்றிப் பாடத்தையும் பிடிக்கச் சொல்வது அநியாயம். ஆனால் சின்னவனைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர். மொழி தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு 'அக்கேய்' வகுப்பு இருக்கிறது. சான்றிதழ் கையில் இருந்தால், பிரெஞ்சில் படித்தாலும் அவனுடைய உரிமை போகாது, அவனுடைய பிள்ளைகளுக்கும் போகாது.

1956இன் தனிச் சிங்களச் சட்டத்தை அனுபவித்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். மொழிச் சட்டம் என்றாலே வயிறு எரியும், எனக்கும்தான். ஆனால் இங்கே சரித்திரம் வேறு. 1760இல் ஆங்கிலேயரிடம் விழுந்த நகரம் இது. பெரும்பான்மை பிரெஞ்சு பேசினாலும் 1960கள் வரை வங்கியும் தலைமை அலுவலகமும் ஆங்கிலத்தில் நடந்தன, தன் ஊரிலேயே மேலே வர ஒருவன் தன் மொழியை வாசலில் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்கு முதலிடம் கொடுத்த 1977இன் 101ஆம் சட்டம் அதற்கு வந்த மறுமொழி. அதன் சில பகுதிகள் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் ஒரு கண்டம் முழுக்க ஆங்கிலம் சூழ்ந்திருக்கையில் தன் மொழியைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கத் தவிக்கிறவனின் பயம் எங்களுக்கு விளங்காதா, மச்சான்?

தங்கச்சிக்கு 'பிரான்சிசாசியோன் கியூபெக்' என்ற அரசின் பிரெஞ்சு வகுப்பு இலவசம். வரமுன்பே பதியச் சொல், இடம் கிடைக்கக் காலம் எடுக்கும். வேலைக்கு அவவுக்கு அது இல்லாமல் சரிவராது. அதுவரை கடைக்குள் போகும்போது முதலில் "போன்ஜூர்" என்று சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாலும் முகம் மாறாது. இன்னொன்று: யூரியூப்பில் படிக்கும் பிரான்ஸ் பிரெஞ்சில் 'டெஜூனே' மத்தியானச் சாப்பாடு, இங்கே அது காலைச் சாப்பாடு. மத்தியானம் 'டினே', இரவு 'சூப்பே'. டினேக்கு வா என்று அயலவர் கூப்பிட்டால் இரவு ஏழு மணிக்குப் போய் நிற்காதீர்கள்.

இன்றைக்கே அந்த ஆளுக்கு எழுது: கடைசி மாத வாடகை தரமாட்டேன், படிவத்தை F, G இரண்டும் நிரப்பி அனுப்பு என்று. வந்ததும் படமெடுத்து எனக்கு அனுப்பு. விலாசம் எஸ்ற்றா வெஸ்ற்றா என்றும் எழுது. சனிக்கிழமை நான் போய்ப் படியின் வளைவை அளந்துகொண்டு வருகிறேன். உங்கள் பிரிட்ஜின் அகலத்தைத் தங்கச்சியிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வாங்குக்காரன்