அஞ்சுகிற நாய்க்கு முதலில் தூரம் வேண்டும்

மதுரை

அன்புள்ள ராஜேந்திரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்த செய்தியை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அத்தனை சந்தோஷம் அவருக்கு. கல்யாணத்துக்கு மல்லிகைப் பூ என் பொறுப்பு. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடியும் முன்பே போய் நின்று வாங்கிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிவிடுவேன். நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

நீ கவலைப்படுவது வீராவைப் பற்றி என்று தெரிகிறது. தெருமுனையில் இன்னொரு நாயைக் கண்டாலே வாலை இடுக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் இழுக்கிறான், அது கிட்டே வந்துவிட்டால் குரைத்துப் பாய்கிறான் என்று எழுதியிருக்கிறாய். பாய்வதைப் பார்த்து, சிப்பிப்பாறை இன நாய்க்கே உள்ள முரட்டுக் குணம் என்கிறார்களாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட வழியில்லாத பயம்தான் பாய்ச்சலாக வெளிவருகிறது. கயிறு உன் கையில் இருக்கிறது. அவன் எங்கே ஓடுவான்?

உன் மச்சினர் சொன்ன யோசனையைத் தயவுசெய்து கேட்காதே. நாலு நாய்களுக்கு நடுவில் கொண்டுபோய் விட்டால் தானாகப் பழகிவிடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அப்படி விட்டால் அவன் அசையாமல் நிற்கக்கூடும். பழகிவிட்டான் என்று நாம் நினைத்துக்கொள்வோம். அவன் பயத்தில் உறைந்து நிற்கிறான். அடுத்த தடவை அந்தத் தெருவுக்கே வரமாட்டான்.

எங்கள் கறுப்பியை உனக்குத் தெரியும். வைகைக் கரையில் கிடந்த குட்டி. பெரிய நாய்கள் கடித்ததில் இடது காது இன்றும் பிளந்திருக்கிறது. குட்டிகள் உலகத்தோடு பழகிக்கொள்ளும் காலம் ஏறத்தாழ 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான். அந்தக் காலத்தில் அவளுக்குக் கிடைத்தது கடி. வீரா அந்த வயதில் எங்கே, எப்படி வளர்ந்தான் என்று கொடுத்தவர்களிடம் விசாரித்துப் பார். கொட்டடியிலேயே அடைந்து கிடந்திருந்தால் இந்தப் பயத்தில் வியப்பில்லை.

கறுப்பிக்குக் கை கொடுத்தது வண்டியூர்த் தெப்பக்குளம். ஒரு பக்கம் ஏறத்தாழ 1000 அடி. இந்தக் கரையில் நின்றால், நடுவில் தண்ணீரும் மைய மண்டபமும் இருக்க, எதிர்க்கரையில் படுத்திருக்கும் நாய்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். நாய் தெரிகிறது, ஆனால் வந்து கடிக்க முடியாது. பயந்த பிராணிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மாலையில் கூட்டமும் தள்ளுவண்டிகளும் சேர்ந்துவிடும் என்பதால் விடியற்காலையில்தான் போவோம்.

கைப்பிடிச் சுவரின் பக்கம் நிற்பாள். எதிரே ஒரு நாய் எழுந்து நடந்தால் இவளுடைய காது இரண்டும் முன்னால் விறைக்கும், வாய் மூடிக்கொள்ளும். அந்தக் கணத்தில் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை மூக்கருகே நீட்டுவேன். உப்புப் போடாதது, எலும்பில்லாதது. வெங்காயம், பூண்டு நாய்க்கு ஆகாது. குழம்பில் கிடந்த துண்டைக் கொடுத்துவிடாதே. அந்த நாய் மறைந்ததும் கோழியும் நின்றுவிடும். இதில் வரிசை முக்கியம்: முதலில் நாய், பிறகு தீனி. ரஷ்யாவில் பாவ்லவ் நாய்களிடம் கண்டறிந்த அதே சங்கதிதான்; சத்தம் முன்னால், சாப்பாடு பின்னால் என்று தொடர்ந்து வந்தால், சத்தம் கேட்ட மாத்திரத்தில் வாய் ஊறும். தீனியை முதலில் காட்டினால், பை திறந்தாலே ஏதோ ஆபத்து என்று அவன் புரிந்துகொள்வான்.

கறுப்பி ஒரு காலையில் எதிர்க்கரை நாயைப் பார்த்தாள். உடனே கழுத்தைத் திருப்பி என் கையைப் பார்த்தாள். அப்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது, ராஜேந்திரா. அதற்குப் பிறகுதான் தூரத்தைக் குறைத்தேன்.

உனக்கு அங்கே தெப்பக்குளம் இல்லாவிட்டாலும், பள்ளி மைதானமோ அறுவடை முடிந்த வயலோ போதும். எந்தத் தூரத்தில் இன்னொரு நாயைப் பார்த்த பிறகும் கொடுத்ததைத் தின்கிறானோ, அதுவே அவனுடைய தூரம். தின்ன மறுத்தால் பின்வாங்கு. தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, மூக்கை நக்கிக்கொண்டே இருப்பது, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிவது எல்லாம் அவன் உன்னிடம் சொல்லும் சேதி. உறுமினால் அதட்டாதே. உறுமலை அடக்கிவிட்டால் அவன் எச்சரிக்காமலே கடிக்கப் பழகிவிடுவான்.

கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட் வாங்கு. கயிறு நீளமாகவும் தளர்வாகவும் இருக்கட்டும். நாம் இறுக்கிப் பிடிக்கும்போது ஆபத்து வருகிறது என்று நாமே அவனுக்கு அறிவித்ததாகிறது.

பிறகு ஒரு துணை வேண்டும். எதிர்வீட்டில் வயதான ராஜபாளையம் ஒன்று இருக்கிறது, நிதானமான நாய். சாலையின் அந்தப் பக்கம் அதுவும் இந்தப் பக்கம் கறுப்பியும், ஒரே திசையில் நடக்க வைத்தோம். நேருக்கு நேர் கொண்டுபோய் நிறுத்துவது நாய்களுக்குள் மரியாதை ஆகாது; அவை வளைந்து வந்து பின்புறம் மோந்துதான் அறிமுகம் செய்துகொள்ளும். இடைவெளி மெல்லக் குறைந்து, கடைசியில் மோந்து பார்க்கவும் விட்டோம். இரண்டு மூன்று நொடிதான். உடனே பெயர் சொல்லி அழைத்து நடந்துவிட வேண்டும். இன்று இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. வேறு நாய்களோடு அவள் விளையாடுவதில்லை. விளையாட வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அமைதியாகக் கடந்து போனால் போதும்.

தெருநாய்களைப் பழக்கத்துக்குப் பயன்படுத்தாதே. அவற்றுக்கு எல்லை உண்டு. உன் தெரு நாய் அடுத்த தெரு நாயை விடாது. துரத்தி வந்தால் ஓடாமல் வீராவுக்கு முன்னால் நீ நின்றுகொள். கையிலுள்ள தீனியை அவற்றின் பக்கம் விசிறிவிட்டு மெல்ல விலகு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவணை தவறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். யாரையாவது கடித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

தை மாதத் தெப்பத் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா. மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் வலம் வருவதை நாம் சேர்ந்து பார்த்து வெகு காலம் ஆகிறது. வீராவை மட்டும் அன்றைக்கு அழைத்து வராதே. அந்த மேளமும் கூட்டமும் அவனால் தாங்க முடியாது. விழா முடிந்து ஒரு வாரம் கழித்து அவனோடு தனியாக வா, கறுப்பியோடு தெப்பக்குளக் கரையில் நடக்க வைப்போம்.

இன்னொன்று. போன மாதத்திலிருந்துதான் பயம் கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். உடம்பில் வலி இருந்தாலும் நாய் மற்ற நாய்களை அண்டவிடாது. காதையும் பின்னங்கால் மூட்டுகளையும் கால்நடை மருத்துவரிடம் காட்டு. உண்ணிக் காய்ச்சல் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல். அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
கதிரேசன்