தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோ வரை நேர்வான்வழித் தூரம் சுமார் 8,200 கி.மீ. இதை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்து, 'ஒன்பது மணி நேரம்' எனப் பலர் கணக்கிடுகிறார்கள். நடைமுறையில் அது போதாது. விமானம் உலக உருண்டையின் மிகக் குறுகிய வளைகோட்டில் அப்படியே பறப்பதில்லை. மூடிய வான்வெளிகளைச் சுற்றிப் போகிறது. மேற்கே போகும்போது உயரத்தில் வீசும் மேலைக்காற்று எதிர்க்கிறது. திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளுவதால் நேரம் குறையும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் அட்டவணையில் சேர்ந்ததே.

பயணச்சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். காலை 5.30க்குப் புறப்பாடு, 11.00க்கு வருகை என்றிருந்தால், ஐந்தரை மணி நேரப் பயணம் என்று மகிழ வேண்டாம்! குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் நம்முடையதைவிட ஐந்தரை மணி பின்தங்கியிருப்பதால், அந்த ஐந்தரை மணியையும் கூட்டுங்கள்: 11 மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுவதால் நான்கரை மணிதான் கூட்ட வேண்டும். அழைத்துவரப் போகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். திரும்பும் பயணத்தில் இதே வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை