பின்பக்க டிஸ்க் பிறேக் வேலை பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான அண்ணன்மார், காக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பழைய ஜீப்புகளுக்குப் பின்பக்க டிறம் பிறேக்கைக் கழற்றி டிஸ்க் பிறேக் போடும் வேலைக்கு அடுத்த மாதத்திலிருந்து கூலி கூடுகிறது. 2022 மார்ச்சில் ரூபா விழுந்தபோது ஏறிய சாமான் விலை பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. 2024 சனவரியில் வற் வரியும் 15 இலிருந்து 18 வீதமாகிவிட்டது. அதோடு, எங்கள் லேத்தில் நின்ற தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். கலிப்பரை, அதாவது பேட்டால் டிஸ்க்கை இரண்டு பக்கமும் நெரித்துப் பிடிக்கும் பாகத்தை, தாங்கும் பிறக்கெட்டை அக்சிலுக்கு அளவெடுத்துப் பிசகில்லாமல் கடைந்து தந்தவர் அவர். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அந்த வேலையை இப்போது வெளியே கொடுத்துத்தான் செய்விக்கிறோம்.

கூலி கூடுவதை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள், தெரியும். எங்கள் மனதை நோகடித்தது வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு குரல் பதிவு. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். "டிஸ்க் போடத்தான் போனேன், மாஸ்டர் சிலிண்டரையும் வால்வையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்" என்பது அதன் சாரம். மாஸ்டர் சிலிண்டர் என்பது பெடலை மிதிக்கும்போது பிறேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளிவிடும் பாகம். அவர் சொல்லும் வால்வு, பின்சில்லுக்குப் போகும் ஒயிலின் அழுத்தத்தைக் குறைத்துவைப்பது. பேசியவர் யாரென்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் அந்தக் கணக்கில் ஏன் அவை வருகின்றன என்பதைச் சொல்லாமல் விடமுடியாது.

டிறம்முக்குள் இருக்கும் சூ, அதாவது டிறம்மின் உட்பக்கத்தில் உரசிப் பிடிக்கும் வளைந்த கட்டை, சில்லு சுற்றும் வேகத்திலேயே இழுபட்டு டிறம்மில் இன்னும் இறுகும். அதனால் காலால் கொடுக்கும் அழுத்தம் குறைவாக இருந்தாலும் வண்டி நிற்கும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. பேட் எவ்வளவு அமர்கிறதோ அவ்வளவுதான் பிடி. ஆகவே ஒயில் போகும் லைனில் அழுத்தம் கூட வேண்டும். கலிப்பரின் பிஸ்டனும், டிறம்முக்குள் சூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டனை விடப் பெரியது. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்கு, அதைத் தள்ள ஒயிலும் அந்தளவுக்கு வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு ஒயிலை ஒரே மிதியில் அனுப்பாவிட்டால் பெடல் அடிவரை போகும். "டிஸ்க் போட்ட பிறகு பிறேக் பஞ்சு மாதிரி இருக்கு" என்று வேறு இடங்களில் செய்துவிட்டு எங்களிடம் வருகிறவர்கள் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. டிறம் பிறேக்குக்குச் செய்த பல பழைய மாஸ்டர் சிலிண்டர்களின் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் லைனில் ஏறக்குறைய 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைப்பது அதன் வேலை. டிறம்முக்குள் சூவை இழுத்துவைக்கும் ஸ்பிறிங் பலமானது, அதனால் அங்கே தீங்கில்லை. கலிப்பரில் அப்படியொரு ஸ்பிறிங் இல்லை. அந்த 10 பிஎஸ்ஐ பேட்டை டிஸ்க்கில் உரசவைத்துக்கொண்டே இருக்கும். செங்கலடியிலிருந்து மகாஓயா போய்ச் சேருவதற்குள் சில்லு சுடும், ஹப்பின் கிறீஸ் உருகும். வில்லிஸ், பழைய லாண்ட் றோவர் போன்றவற்றில் பலதுக்கு மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று, அதாவது நாலு சில்லுக்கும் ஒரே ஒயில் வழி. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நாலு சில்லுக்கும் பிறேக் இல்லை. மற்றதைக் கழற்றும்போதே இதை இரட்டைச் சுற்றாக மாற்றச் சொல்வது உங்கள் பிள்ளைகளும் அந்த வண்டியில் ஏறுவதால்தான்.

இனி, குரல் பதிவில் சொன்ன மற்ற வால்வுக்கு வருவோம். பிறேக் அடித்ததும் பாரம் முன்னுக்குச் சாயும், பின்பக்கம் இலேசாகும். அந்த நேரம் பின் டிஸ்க் கூடுதலாகப் பிடித்தால் பின்சில்லு முதலில் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சுழலும். மாரி மழையில் ஈரத் தார் றோட்டில், வெறும் வண்டியில், இது உயிரோடு விளையாடுகிற காரியம். பின் லைனில் அழுத்தத்தைக் குறைத்துவைக்கும் வால்வு இல்லாமல் நாங்கள் ஒரு வண்டியையும் வெளியே விடமாட்டோம். சிலர் வேறு இடத்தில் மலிவாகச் செய்வார்கள், போகலாம். நாங்கள் அரைகுறையாகச் செய்யமாட்டோம்.

டிஸ்க் எல்லோருக்கும் வேண்டும் என்றும் நாங்கள் சொன்னதில்லை. 2018 இல் வந்த புது சுசுகி ஜிம்னிக்கே பின்னுக்கு டிறம்தான். வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிறேக்குடையது. பட்டணத்துக்குள் ஓடுகிற ஜீப்புக்கு நல்ல லைனர், கசியாத வீல் சிலிண்டர், ஒழுங்கான அட்ஜஸ்ட்மென்ட் போதும். உன்னிச்சைப் பக்கம் வயலுக்குப் போகிறவர்கள், பாணமையிலிருந்து உகந்தை, குமண வரை ஆட்களை ஏற்றிப் போகிறவர்கள் கதை வேறு. வாய்க்காலுக்குள் இறங்கி ஏறினால் டிறம்முக்குள் போன தண்ணீரும் சுரியும் அங்கேயே நிற்கும். டிஸ்க் இரண்டு தரம் மிதித்தால் காய்ந்துவிடும். பசறை இறக்கத்திலும் அப்படித்தான். சூடேறிய டிறம் விரிந்து சூவை விட்டு விலகும், பெடல் இறங்கும். டிஸ்க்கில் அந்தப் பிரச்சினை இல்லை. பிறேக் ஒயிலை மட்டும் காலத்துக்குக் காலம் மாற்றுங்கள். டொட் 3 என்ற வகைப் புது ஒயிலின் கொதிநிலை 205 பாகை செல்சியசுக்குக் குறையாது, ஈரம் உறிஞ்சியது 140 பாகையிலேயே கொதிக்கலாம்.

ஹேன்ட் பிறேக்கைப் பற்றியும் கேட்கிறீர்கள். லாண்ட் றோவரில் அது கியர்பெட்டிக்குப் பின்னால் தனியாக இருப்பதால் மாற்றமில்லை. ஹைலக்ஸ் போன்றவற்றில் அது பின் டிறம்முக்குள்ளேயே இருப்பதால், ஹேன்ட் பிறேக் உள்ள கலிப்பர்தான் போடவேண்டும். அதற்கு விலை வேறு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைக்காலம் முழுவதும் உங்கள் பழைய ஜீப்புகளை எங்களை நம்பி விட்டீர்கள். 2022 இல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் வரிசையில் கிடந்தபோது, ஓடாத வண்டிக்குப் பாக்கியிருந்த காசைத் தேடிவந்து தந்தவர்கள் இருக்கிறீர்கள். பொத்துவிலிலிருந்து மீனும் வயலிலிருந்து புது நெல்லும் கொண்டுவந்து தந்தவர்கள் இருக்கிறீர்கள். எங்கள் பொடியன்மார் யாரும் அதை மறக்கவில்லை. மனமார்ந்த நன்றி.

வேலை முடிய இனி இரண்டு கிழமைக்கு மேல் ஆகலாம், அரைவாசிக் காசு முன்பணம், அது திரும்பாது.

மாரி தொடங்க முன்னர் செய்ய விரும்புகிறவர்கள் இப்போதே வந்து பதியுங்கள். வரும்போது ஸ்பெயார் சில்லையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். சில 15 அங்குல ரிம்முக்குள் கலிப்பர் அடங்காது, நாலு ரிம்மும் சரியாக இருந்து ஸ்பெயார் மட்டும் முட்டினால் நடுக்காட்டில் ரயர் மாற்றும்போதுதான் தெரியவரும். அளவு பார்க்கக் காசு எடுப்பதில்லை.

அன்புடன்,
கராஜ் உரிமையாளர்,
மட்டக்களப்பு