சிகாகோவின் முதல் தொகுதி: நவம்பர் முடிவுகள் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தேர்தல் முறை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், பெருநகரத் தொகுதிகள் பலவும் ஒரே கட்சியின் கைக்குள் போய்விட்டதால் அங்கே போட்டி என்பதே கிடையாது என்று எழுதிய கட்டுரையாளர், அதற்குச் சான்றாகச் சிகாகோவின் தென்பகுதியை உள்ளடக்கிய, பிரதிநிதிகள் சபைக்கான இல்லினாய் மாநில முதல் தொகுதியைக் காட்டியிருந்தார். 1934 முதல் அங்கே ஜனநாயகக் கட்சியே வென்றுவருகிறது என்பது உண்மைதான். ஆனால், எந்தக் கட்சி வெல்லும் என்பதில் ஐயமே இல்லாத இடத்தில், வேட்பாளரை முடிவுசெய்பவர் எவரோ அவரே உறுப்பினரையும் முடிவுசெய்கிறார். அத்தொகுதியின் சண்டைகள் பெரும்பாலும் அந்த உரிமைக்காக நடந்தவை. நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலின் முடிவுகளை மட்டும் அடுக்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு அவை தென்படாது.

அங்கே வேட்பாளரைக் கட்சி ஆதரவாளர்களே முதல்நிலைத் தேர்தலில் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவ்வாறு தேர்வானவர் நவம்பருக்கு முன் இறந்துபோனால், வட்டச் செயலாளர்கள் கூடி இன்னொருவரை அறிவிப்பார்கள். அபூர்வமாக நேர வேண்டிய இது, இந்தத் தொகுதியில் மூன்று முறை நேர்ந்திருக்கிறது.

முதலாவது 1928-இல். தென்மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்த கறுப்பினத்தவரால் சிகாகோவில் அவர்களின் தொகை 1910-இல் இருந்த 44,000-இலிருந்து 1930-இல் 2,34,000 ஆக உயர்ந்தது. அவர்களுக்கு வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வெள்ளையர் பத்திரங்களிலேயே எழுதிவைத்ததால், தென்பகுதியின் குறுகிய நிலப்பரப்பிலேயே அவர்கள் நெருக்கியடித்து வாழ நேர்ந்தது. ஒதுக்கிவைத்த அந்த நெருக்கமே ஒரு தொகுதியை வெல்லும் வாக்குபலமாகவும் திரண்டது. அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில், நெடுங்காலமாக உறுப்பினராக இருந்த வெள்ளையரான மார்ட்டின் மேடனை எதிர்த்து வில்லியம் டாசன் என்ற கறுப்பின வழக்கறிஞர் நின்று தோற்றார். சில வாரங்களுக்குள் மேடன் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே உயிரிழந்தார். துணிந்து நின்று தோற்றுப்போன டாசனை வட்டச் செயலாளர்கள் தேடவில்லை. தங்களுள் ஒருவரான ஆஸ்கர் டி பிரீஸ்டை நிறுத்தினார்கள். 1901-க்குப் பிறகு பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர்; வடமாநிலங்களிலிருந்து சென்றவர்களில் அவரே முதல்வர்.

1934-இல் அதே கதை எதிர்க்கட்சியில் நடந்தது. ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் ஆர்தர் மிச்செலைத் தோற்கடித்த ஹாரி பேக்கர் இறந்துபோக, கட்சி நிர்வாகிகள் மிச்செலையே வேட்பாளராக்கினர். பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்திருந்த மக்கள் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களை நம்பியிருந்த நேரத்தில், டி பிரீஸ்ட் அவற்றை எதிர்த்துப் பேசிவந்தார். ஏறத்தாழ 3,000 வாக்கு வித்தியாசத்தில் அவர் தோற்க, ஜனநாயகக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் சென்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார் மிச்செல். இரு கட்சிகளின் வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்ட இந்த இருவரையுமே முதல்நிலைத் தேர்தலில் வாக்காளர் தேர்ந்தெடுக்கவில்லை என்பது, கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டிய செய்தி.

இதற்குள் கட்சி மாறிவிட்ட டாசன், 1942-இல் வென்று 1970 வரை அசையாமல் இருந்தார். மேயர் ரிச்சர்ட் டேலியின் கட்சி இயந்திரத்தில், அதாவது வட்டம் வட்டமாக வாக்குகளைத் திரட்டித் தரும் கட்டமைப்பில், தென்பகுதி வட்டங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. நிலைக்குழு ஒன்றின் தலைவரான முதல் கறுப்பின உறுப்பினர் என்ற பெருமை அவருக்கு உண்டு. கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த ஆண்டுகளில் அவர் காத்த மௌனமும் அவர் கணக்கில்தான் சேரும்.

அவருக்குப் பின் வந்தவர் ரால்ஃப் மெட்காஃப். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் ஜெசி ஓவன்ஸுக்கு அடுத்து வந்தவர். டேலி கைகாட்டிய ஆள்தான். ஆனால் 1972-இல், காரின் எண்பலகை விளக்கு எரியவில்லை என்று ஒரு கறுப்பினப் பல் மருத்துவரைக் காவல்துறையினர் நிறுத்திக் கைவிலங்கிட்டு முரட்டுத்தனமாக நடத்தியபோது, மெட்காஃப் மேயரைத் தம் அலுவலகத்துக்கு வந்து பேசும்படி அழைத்தார். மேயர் வரவில்லை; மெட்காஃப் அவரோடு முறித்துக்கொண்டார். 1976 முதல்நிலைத் தேர்தலில் டேலி வேறொருவரை எதிரே நிறுத்த, வாக்காளர் மெட்காஃபைப் பெரும் வித்தியாசத்தில் வெல்லவைத்தனர். கட்சி இயந்திரத்துக்குச் சொந்தமான தொகுதி என்று ஊரே நினைத்திருந்த இடத்தில் இது நடந்தது. என் கணிப்பில், தொகுதியின் வரலாற்றில் மிக முக்கியமான தேர்தல் இதுதான். நவம்பர் பட்டியலில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

1978 அக்டோபரில் மெட்காஃப் இறந்ததும், மூன்றாவது முறையாக நிர்வாகிகள் பெயர் எழுதினர். அவர்கள் எழுதிய பென்னட் ஸ்டூவர்ட்டை இரண்டே ஆண்டில் முதல்நிலைத் தேர்தலில் வீழ்த்தினார் ஹெரால்ட் வாஷிங்டன். 1983-இல் அவர் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரும் ஆனார். அவரையடுத்து வந்த தொழிற்சங்கத் தலைவர் சார்லஸ் ஹேய்ஸை, கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் முன்னாள் உறுப்பினரான பாபி ரஷ் 1992-இல் அதே வழியில் தோற்கடித்தார். 2000-இல் ரஷை எதிர்த்த மாநில செனட்டர் பராக் ஒபாமா 30 விழுக்காடு வாக்கே பெற்றார், ரஷுக்கு 61. ஒபாமா ஒரு பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றது அந்த ஒருமுறைதான்.

ரஷ் ஓய்வுபெற்றபோது, 2022 முதல்நிலைத் தேர்தலில் 17 பேர் களமிறங்கினர். தொகுதியும் இப்போது பழைய நகர்ப்புறத் தொகுதி அல்ல. மறுவரையறையால் தெற்கே கங்ககீ வட்டாரத்து விளைநிலங்கள் வரை நீண்டுகிடக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்குகளுடன் ஜொனாதன் ஜாக்சன் முதலிடம் பெற்றார். மறுசுற்று இல்லாததால் அதுவே போதுமானதாயிற்று, நவம்பர் வெற்றி தானாக வந்தது. போட்டியில்லை என்று குறைகூறியதற்குப் பதில், இவ்வளவு சிறிய பங்கு வாக்கு ஒருவருக்கு இருக்கையை உறுதிசெய்துவிடுகிறதே என்று கட்டுரையாளர் கேட்டிருந்தால் உடன்பட்டிருப்பேன். அடுத்த பகுதியில் முதல்நிலைத் தேர்தல்களின் முடிவுகளையும் தொகுதியின் பழைய, புதிய வரைபடங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்